ஜன்னல் சீட்டு

“மெஷின் சொல்லட்டும். அப்பால சாவி தர்றேன்.”

பரணிதரன் சார் கறாராய்ச் சொல்லிவிட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பஸ், வேன் எல்லாம் அவர் பொறுப்பு.

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருஷமாய்க் குடியாத்தம் ரூட்டில் லேடீஸ் பஸ் ஓட்டுகிற மனுஷன். போன மாசம் மாதனூர் தாண்டி ஒரு நொடி கண் அசந்துவிட்டது. பஸ் ரோட்டு நடுச்சுவரை உரசிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த நாற்பது பெண்களில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால்தான் பகலில் கண் சொக்குகிறதாம். மூக்கில் மாஸ்க் மாட்டினால் காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஒரு சிப்பு. எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தது என்று அதில் பதிந்துவிடும்.

“முப்பது நாள் ஒழுங்கா மாட்டணும். சிப்பப் பாத்துட்டுதான் மத்த பேச்சு” என்றார் பரணிதரன்.

பஸ்ஸில் அன்றைக்கு இதே பேச்சுதான்.

“குறட்டை வுடாத ஆம்பள எந்த ஊர்ல இருக்கான்? எங்கூட்டுக்காரர் வுடற குறட்டைக்கு அவரு சைக்கிள்கூட ஓட்டக் கூடாது!” என்றாள் ஜஹீருன்னிசா. எப்போதும் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து வருகிறவள். பஸ்ஸே சிரித்தது.

சங்கீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தைக்காரி. பால் கொடுத்துவிட்டு ஓடிவர ரெண்டு நிமிஷம் ஆனாலும் கனகராஜ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். புது டிரைவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே வாரத்தில் அவளுக்கு ரெண்டு ஆப்சென்ட்.

யாரிடமும் அதிர்ந்து பேசாதவள், நோட்டுப் பேப்பரைக் கிழித்து மனு எழுதினாள். முதல் கையெழுத்தும் அவளே போட்டாள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு பரணிதரன் முன்னால் போய் நின்றாள்.

“பதினெட்டு வருஷம் ஓட்டனவரு சார். மெஷினுக்கு இன்னா சார் தெரியும்?”

“ஏம்மா, உங்க உசுருக்குத்தாம்மா சொல்றேன்.”

“எங்க உசுரு மேல உங்களுக்கு இருக்கற அக்கறைய நாங்க பாக்கலியா சார்!”

பெண்கள் கை தட்டினார்கள். பரணிதரன் மனுவை மடித்து டிராயரில் போட்டார். முப்பது நாள் முப்பது நாள்தான்.

கனகராஜின் சம்சாரம் பங்கஜமும் அதே கம்பெனியில் தையல் செக்‌ஷன். பஸ்ஸில் சங்கீதா பக்கத்து சீட்டு.

“அண்ணன் மாட்டிக்கிறாரா அக்கா?”

“எங்க? அரை மணி தாங்கல. காத்து மூஞ்சில மொத்துது, வாய் காஞ்சி போவுது, மூச்சு முட்டுதுன்னு பிச்சுப் போட்டுட்டாரு. பசங்க வேற யானை யானைன்னு சிரிக்குதுங்க. ஒரே பேஜாரு.”

“சிப்புல ஏறிடுமே அக்கா?”



ரெண்டாம் வாரம் கேட்டபோது, “பழகிட்டாருடி” என்று மட்டும் சொன்னாள். அவள் கன்னம் ரெண்டிலும் சிவப்பாய்க் கோடு.

“இன்னாக்கா இது கோடு?”

“பாய் அச்சுடி” என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பரணிதரன் சிப்பைப் போட்டுப் பார்த்தார். ராத்திரிக்கு ராத்திரி ஏழு மணி நேரம். முதல் ரெண்டு நாள் தடுமாற்றம் போக, ஒரு நாள் கம்மி இல்லை. எழுந்து நின்று கனகராஜுக்குக் கை கொடுத்து, சாவியையும் கொடுத்தார். வாசலில் நின்ற சங்கீதா பரணிதரனை நேருக்கு நேர் ஒரு பார்வை பார்த்தாள். ‘இப்ப இன்னா சொல்றீங்க?’

மறுநாள் காலை பஸ்ஸுக்கு மாலை போட்டிருந்தது. சங்கீதா ரெண்டு நிமிஷம் லேட். கனகராஜ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அக்கா வர்லியாண்ணே?”

“கோயிலுக்குப் போய்ட்டு வர்றாளாம்மா. வேண்டுதலாம்.”

காலியாய்க் கிடந்த பங்கஜம் சீட்டில் ஜஹீருன்னிசா வந்து உட்கார்ந்தாள். “மொத தடவையா சீட்டுல உக்காந்து வேலைக்குப் போறேன்டி!”

சங்கீதாவின் போன் அடித்தது. பங்கஜம்.

“பஸ்ல ஏறிட்டியா? பேசாத, கேளு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிடு. நான் ஷேர் ஆட்டோலதான் போறேன்.”

“ஏன்?”

“அவரு ஒரு நாளும் முழுசா மாட்டல. ராத்திரில நான்தான் மாட்டிகினு படுத்தேன். வேலை போய்ட்டா நாங்க எங்க போவோம் சொல்லு? நீ கைக்குழந்தைக்காரி, மனசு கேக்கல. யார்கிட்டயும் சொல்லிடாத.”

போன் வைத்தாயிற்று.

சங்கீதா நிமிர்ந்தாள். எதிர்க் கண்ணாடியில் கனகராஜின் முகம். நீளமாய் ஒரு கொட்டாவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒன்று.

எழுந்து நின்றாள். நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். சொன்னால் அக்கா குடும்பம் நடுத்தெருவில். நாளையிலிருந்து அந்தப் புது டிரைவர். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று பரணிதரன் எடுத்துக் காட்டுவார்.

“அண்ணே, வண்டிய நிறுத்துங்க. கொழந்தைக்குக் காச்சலாம். வீட்லருந்து போன்.”

பஸ் ஓரமாய் நின்றது.

“பயப்படாதம்மா. ஆட்டோ வர்ற வரைக்கும் நிக்கட்டா?”

“வேணாண்ணே. நீங்க போங்க.”

இறங்கினாள். அவளுடைய ஜன்னல் சீட்டுக்கு நகர்ந்த ஜஹீருன்னிசா தலையை வெளியே நீட்டினாள்.

“கவலப்படாத சங்கீதா! உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. பஸ்ல எல்லாரும் துவா பண்றோம்!”

பஸ் ஹைவேயில் ஏறியது. சங்கீதா ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.