யார் காட்டிய ஜாடை?

“யாருக்கு ஜாடை காட்டினே?”

சமையலறை ஜன்னலில் நின்ற மருமகள் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். “ஜாடையா? பாத்திரம் துடைக்கிறேன் மாமா.”

“கை மேலே போச்சு. நான் பார்த்தேன்.”

“மேல் அலமாரியில அடுக்கணும்னா கை மேலேதானே போகும்.”

மாமனார் நம்பவில்லை. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தூங்குகிற முகத்தைப் பார்த்தே இவனிடம் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிடுவார். இருக்கச் சொன்ன இடத்தை விட்டு எழுந்து வந்துவிட்ட சருகு, அவர் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

சருகுக்குப் பத்து மாதம். காய்ந்த இலை நிறத்தில் ஒரு வேட்டை நாய். சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து வருவது அதன் வேலை. அதுவரை சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பாக்கிகள் நிமிர்ந்திருக்கும்போது குறுக்கே ஓடினால் குண்டுக்கு நாய் எது, பறவை எது என்று தெரியாது.

வேட்டைச் சங்கம் வளர்க்கக் கொடுத்த குட்டி அது. மகன்தான் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். வந்த மூன்றாம் வாரம், வேலைக்குப் புறப்பட்டு ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. முப்பத்தாறு வயது.

இன்று நாலு மணிக்கு, நாய்களைச் சோதிக்கும் சங்கத்து விசில்காரர் வருகிறார். அவர் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சருகு இங்கேயே இருக்கலாம். எழுந்தால், வந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்.

மருமகளின் அண்ணன் இரண்டு முறை போன் செய்து, “இங்க வந்துடும்மா” என்று கூப்பிட்டிருந்தான். நாயும் போய்விட்டால் அவளுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று மாமனார் முடிவு கட்டியிருந்தார்.

ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். “உட்காரு.” சருகு உட்கார்ந்தது. உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, “இரு, வரேன்” என்றார். திரும்பி மூன்றடி வைப்பதற்குள் முழங்காலுக்குப் பின்னால் ஈர மூக்கு இடித்தது.

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “குழாயை எதுக்குத் திறந்தே?”

“டம்ளர் கழுவ.”

“இந்த நேரத்துலயா?”

“நீங்க இப்ப குடிச்ச டம்ளர்தான் மாமா.”

கடைசியில் அவளை முன்னறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். “இங்கேயே இரு, வரேன். எந்திரிக்கக் கூடாது.”

“உள்ளங்கையையும் காட்டிடுங்க” என்றாள் அவள்.

மருமகள் எழுந்திருக்கவில்லை. நாய் எழுந்துவிட்டது.

நாலு மணிக்கு விசில்காரர் வந்தார். கழுத்தில் விசில், கையில் கடிகாரம், முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. அவர் எதிரிலும் இரண்டு முறை அதே கதைதான். “இரு, வரேன்” என்று மாமனார் கெஞ்சாத குறை. அவர் திரும்பினால் பின்னாலேயே சருகு.

“பாசம் வேற, வேலை வேற சார்” என்றார் விசில்காரர். “வண்டியில ஏத்திடறேன்.”

மாமனார் நாயின் கழுத்துப் பட்டையை விடவில்லை.

“நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?” வாசற்படியில் மருமகள் நின்றிருந்தாள்.

“நீ பார்த்த வரைக்கும் போதும்” என்றார் மாமனார். விசில்காரர், பார்க்கட்டும் என்று கையைக் காட்டினார்.

“உட்காரு” என்றாள். உள்ளங்கையை நீட்டினாள். திரும்பி நடந்து சுவரைத் தாண்டிக் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டாள். விசில்காரர் பறவைக்குப் பதிலாக ஒரு துணி உருளையைத் தூக்கி எறிந்தார். சருகின் காது மட்டும் திரும்பியது. பக்கத்தில் ஒரு புறா வந்து இறங்கியபோது பின்னங்கால் நடுங்கியது, ஆனால் எழவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவளே திரும்பி வந்து தலையில் கை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அது வாலை அசைத்தது.

“ஞாயித்துக்கிழமை ஏரிக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார் விசில்காரர். “யாரு வருவீங்க?”

“மாமாதான்” என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியது. மாமனார் கேட்டார்: “உன் பேச்சை மட்டும் கேக்கற மாதிரி பழக்கி வச்சிருக்கே. என்ன வித்தை?”

“அது உங்க பேச்சைத்தான் மாமா கேக்குது. கூப்பிடறதுக்கு என்ன சொல்றோம்? ‘வா’ன்னு. நீங்க ஒவ்வொரு தடவையும் ‘இரு, வரேன்’ங்கறீங்க. ‘வ’ன்னு காதுல விழுந்ததும் கூப்பிடறீங்கன்னு எந்திரிச்சுடுது.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“என்னை நாற்காலியில உட்கார வச்சு அதையே எனக்கும் சொன்னீங்களே, அப்பதான் எனக்கே புரிஞ்சது. உடனே சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

அவர் குனிந்து சருகின் காதைத் தடவினார். “வரேன்னு ஒரு வார்த்தை சொல்லாம எப்படிம்மா போறது?”

“நாய்தானே மாமா. ஞாயித்துக்கிழமை சொல்லாமக் கொள்ளாமப் போயிடுங்க. அதுபாட்டுக்கு இருக்கும்.”

“அவன் போன மாதிரியா?”