மிதந்து வந்த பெண்வீடு

அண்டார்டிகாவில் குடியேறி மூன்று தலைமுறையாகியும், பெண்ணை மாப்பிள்ளை ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்த பழக்கம் சிவனணைந்தார் குடும்பத்தில் இல்லை. ஆனால் பனித்தரை உடைந்து, மகள் கல்யாணத்தன்று காலையில் ஊரே மிதந்துபோய் மாப்பிள்ளையின் தீவில் முட்டி நின்றது.

கரையிலிருந்து சம்பந்தி சிரித்தார். "ஊரோடவே பொண்ணக் கொண்டாந்துட்டீங்களே! இறங்கி வாங்க."

"நாங்க எங்கேயும் வரல," என்றார் சிவனணைந்தார். " உங்க தீவுதான் குறுக்க நிக்குது. நீங்கதான் வரணும்."

"அப்பா, ஒரு அடிதானே?" என்றாள் மகள் பூங்கோதை.

"அந்த ஒரு அடிய அவங்க வைக்கட்டும்."

பேச்சு நீண்டது. நீரோட்டம் திரும்பி, ஊர் கரையை விட்டு மெல்ல விலகியது.

"ஐயோ, முகூர்த்தம்!" என்று சம்பந்தி அலறினார்.

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். சிவனணைந்தார் பனி விளிம்பில் நிமிர்ந்து நின்று கைகூப்பினார்.

"மாப்பிள்ளைய அழைச்சுக்கிட்டுப் படகுல வாங்க, சம்பந்தி. அதுதான் முறை."