அடையாள அட்டையில் யாரும் சிரிப்பதில்லை

"இதுல எங்கம்மா சிரிக்கணும்யா," என்று சொல்லி, ரஜீவ் ஓர் அடையாள அட்டையை என் மேசையில் வைத்தான்.

அட்டையில் இராக்கம்மா முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்புக்குப் படம் எடுத்தவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்திருப்பான்.

நாளை கருமாதி. வீட்டில் அவளுக்கு இருக்கும் ஒரே படம் இதுதான். சிரிக்காத அம்மாவைச் சுவரில் மாட்ட விடமாட்டேன் என்று தங்கச்சி பிடிவாதமாக நிற்கிறாளாம். மடுல்சீமை பஸ் இரண்டரைக்கு. அப்போது மணி ஒன்று.

"உக்காருங்க தம்பி. நான் கதை சொன்னா கல்லே சிரிக்கும். உங்கம்மா சிரிக்க மாட்டாங்களா?"

பொய்யில்லை. ஹாலிஎல ஸ்டேஷனில் முப்பத்தாறு வருடம் டிக்கெட் கொடுத்தவன் நான். என் கதையின் முடிவு தெரியாமல் ஒருவரும் ரயில் ஏறியதில்லை. ஒருமுறை கதை நீண்டுபோய், ரயில் ஆளே இல்லாமல் கொழும்புக்குப் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு பதுளையில் கம்சலாவின் டிசைன் கடையில் சேர்ந்தேன். மௌஸைப் பிடித்த முதல் நாள் அதுவும் நானும் சேர்ந்தே மேசையிலிருந்து விழுந்தோம்.

இங்கே நேரம் காலம் கிடையாது. அது கம்சலாவின் ஒரே சட்டம். விரும்பிய நேரம் வரலாம். வீட்டிலிருந்தும் செய்யலாம். மனம் வராவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். கல்யாண அட்டை வரையும் நௌபர் பதினொன்றரைக்கு வந்து, நாற்காலி என்று சொல்லப்படும் பஞ்சு மூட்டையில் விழுந்து, படுத்தபடியே மயில் வரைவான்.

நான் மட்டும் காலை எட்டு மணி. கடைத் திறப்பு என்னிடம்தான்; பூட்டில் நுழைத்துத் திருப்புவதும் நான்தான்.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கொண்டுவரும் அட்டைப் படங்களைப் பெரிதாக்கிக் கொடுப்பது என் வேலை. வெறுமனே பெரிதாக்குவேனா? நமுனுகுல வரைக்கும் லயத்து வீட்டுச் சுவர்களைப் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு நல்ல சேலையோடு வாழ்ந்து முடித்தவர்களுக்கெல்லாம் நான் பட்டு கட்டிவிட்டிருக்கிறேன். ஒரு கங்காணிக்குப் பக்கத்தில் குதிரைகூட நிறுத்தினேன்.

பின்னால் மலை போடவா என்று கேட்டால் பதறிவிடுவார்கள். "ஏறி ஏறித்தாங்க காலே போச்சு. கடல் போடுங்க."

அதனால் மடுல்சீமையில் செத்தவர்களில் பாதிப் பேர் கடற்கரையில் நிற்கிறார்கள்.

இராக்கம்மாவுக்கும் சேலை கட்டினேன். கடல் போட்டேன். வாயில் ஒரு சிரிப்பை வைத்தேன்.

ரஜீவ் தலையாட்டினான். "இது டீவியில பேஸ்ட் விக்கிற பொம்பளங்க."

பல்லை மறைத்தேன்.

"இது யாரோ டீச்சருங்க."

இரண்டு மணியாயிற்று. அவன் சுவர்க் கடிகாரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்படித்தான் தம்பி சிரிப்பாங்க?"

அவன் வாயைத் திறந்தான். சொல்ல வரவில்லை. தன் முகத்திலேயே செய்து காட்டப் பார்த்தான். அதுவும் வரவில்லை.

"ஞாபகம் இருக்குங்க. பாத்தா சொல்லிருவேன்," என்றான்.

அந்தப் பாடு எனக்குத் தெரியும்.

யார் முன்னாலும் திறக்காத கோப்பு ஒன்று என் கணினியில் இருக்கிறது. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு அதைத் திறந்தேன். அன்று காலை வரைந்து வைத்த சிரிப்பு ஒன்று இருந்தது. வலது பக்கம் முந்திக்கொள்ளும். இடது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். அதை எடுத்து இராக்கம்மாவின் முகத்தில் வைத்தேன். கன்னத்தைச் சரிசெய்தேன். திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

ரஜீவ் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எங்கம்மாவ முன்னமே தெரியுமாங்க ஒங்களுக்கு?"

"இல்ல தம்பி."

அச்செடுத்த படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

கம்சலா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நாலு வருஷத்துல ஒரு நாள் லீவு இல்ல. இந்த வேலையில அப்படி என்னதான் பிடிச்சிருக்கு, அங்கிள்? நம்ம பேஜ்ல போடணும். சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னேன். சுதந்திரம் என்றேன். கற்பனை என்றேன். சாகிற அன்றைக்கும் அரைநாள் வந்து போவேன் என்றேன். நௌபர் மூட்டையிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான்.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் கோப்பை மறுபடி திறந்தேன்.

அதிலும் ஓர் அடையாள அட்டைதான். சந்திரகாந்தி. என் மனைவி. அவளும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவளுக்கும் வேறு படம் இல்லை.

என் கதைகளுக்கு அவளைப்போல் சிரித்தவர் யாருமில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்து நான் ஆரம்பித்தால், கரண்டியோடு குசினி வாசலில், எனக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். முப்பத்தெட்டு வருடம். நான் முன்னால் இருக்கிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சத்தம் அப்படியே காதில் இருக்கிறது. திரும்பிப் பார்த்ததில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு சிரிப்புகளை அந்த முகத்தில் வரைந்து பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல், "எங்கம்மாவேதான்" என்று யார் யாரோ அழுதுகொண்டே வாங்கிப் போய்விட்டார்கள். இன்று காலை வரைந்தது மடுல்சீமை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது.

"நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு, அங்கிள். கடை பூட்டு. மறந்துபோய் வந்து நிக்காதீங்க," என்று உள்ளேயிருந்து கத்தினாள் கம்சலா.

"திறப்பு எங்கிட்டதானேம்மா இருக்கு," என்றேன்.