காய்ந்த போர்வை

"காய்ஞ்ச போர்வையை யாராவது காயப்போடுவாங்களா சார்?"

டீச்சர் இப்படிக் கேட்டது ஏரிக்கரைத் திடலின் மேனேஜரிடம். முப்பது டிரெய்லர் வீடுகள் நிற்கிற திடல் அது. தண்ணீர், கரண்ட், குப்பை என்று எல்லாப் புகாரையும் பார்த்தவர் அவர். போர்வைப் புகார் இதுதான் முதல் தடவை.

"தொட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஈரமே இல்லை. தினம் சாயங்காலம் ஆறரைக்குக் கட்டறார், காலையில அவிழ்க்கறார். காயப்போடற துணிக்கு நாலு மூலையிலயும் முடிச்சு எதுக்கு?"

குற்றவாளி பக்கத்து டிரெய்லர்க்காரர். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டை. டீச்சர் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. வணக்கம் சொன்னால்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். தன் செருப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

கணக்கு டீச்சர் ரிடயர் ஆனதும் செய்த முதல் காரியம், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற இந்தக் குட்டி டிரெய்லரை வாங்கியது. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையைப் பார்த்த கண்ணுக்கு இனி தண்ணீர் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று மாதம் காத்திருந்துதான் ஏரியைப் பார்த்த இந்த இடத்தைப் பிடித்தார்.

ஒரே குறை, பாத்ரூம் ஜன்னல். தலையணை அளவுதான், ஆனால் வெறும் கண்ணாடி. எதிரே நாலு பேர் நடக்கிற ஏரிக்கரைப் பாதை. பால் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார் கணவர். டீச்சர் ஒப்பவில்லை. குளிக்கும்போதும் ஏரி தெரிய வேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியக் கூடாது. அப்படி ஒரு ஃபிலிம், வெள்ளி மாதிரி மின்னுவது, கடையில் இருந்தது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் பில் போடச் சொல்லிவிட்டார்.

கணவர் சோப்புத் தண்ணீர் தெளித்து ஃபிலிமை ஒட்டினார். பழைய லைப்ரரி கார்டால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு டீச்சர் பரீட்சை வைத்தார். நட்ட நடுப்பகலில், உள்ளே கணவரை நிற்க வைத்துவிட்டு, வெளியே நின்று மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தார். தன் மூக்குதான் தெரிந்தது.

"நூத்துக்கு நூறு," என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் கணவருக்குக் கிடைத்த முதல் முழு மார்க் அது.

மறுநாள் காலையில் உம்மணாமூஞ்சி வந்து நின்றார். "சார், அந்த பாத்ரூம் ஜன்னல் விஷயமா..." என்று கணவரிடம் இழுத்தார்.

"எங்க பாத்ரூம் ஜன்னல்ல உங்களுக்கு என்ன விஷயம்?" என்று உள்ளேயிருந்தே கேட்டார் டீச்சர்.

மனிதர் வந்த வழியே போய்விட்டார். அன்று சாயங்காலமே, ஜன்னலுக்கு எதிரே அவர் எல்லையில் இருந்த இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு ஏறியது, கயிற்றில் போர்வை ஏறியது. சூரியன் ஏரியில் இறங்குகிற நேரத்துக்கு டீச்சர் கண்ணுக்கு நேரே நீலக் கட்டம் போட்ட போர்வை. கேட்டதற்கு, "காத்தாடட்டும்மா," என்று செருப்பிடம் சொன்னார்.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பிறகுதான் டீச்சர் இந்தப் புகாரோடு வந்திருந்தார். ஒன்று அவர் இடம் மாற வேண்டும், இல்லையென்றால் நாங்கள் கிளம்புகிறோம் என்றார். மேனேஜர் லாரிக்காரரைக் கடைசி வரிசைக்கு, கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் போகச் சொல்லிவிட்டார்.

"மறுபேச்சே பேசலை," என்று மேனேஜரே வந்து சொன்னார். "அந்தக் கயிறு மட்டும் அங்கேயே இருக்கட்டுமான்னு கேட்டார். வெறும் கயிறுதானேன்னு விட்டுட்டேன்."

"பாவம்," என்றார் கணவர்.

"கொழுப்பு," என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு, டீயோடு உட்கார்ந்தார். வழக்கமாக ஏழு மணி அவர் குளிக்கிற நேரம். இன்றைக்கு அதைக் கணவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஏரி முழுக்கச் சிவப்பு. சூரியன் முங்கி, மெல்ல இருட்டு கவிந்தது. டீச்சருக்கு மனசு நிறைந்துபோனது. இதை அவரும் பார்க்கட்டும் என்று, "ஏங்க..." என்று டிரெய்லர் பக்கம் திரும்பினார்.

திறந்த வாய் மூடவில்லை.

ஜன்னலில் கணவர். தலை முழுக்க ஷாம்பூ நுரை. கழுத்தில் இருக்கிற மச்சம் வரைக்கும் சினிமாத் திரையில் தெரிகிற மாதிரி தெரிந்தது. பாதையில் போன இரண்டு பேர் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பி, தோள் குலுங்க நடந்தார்கள்.

கணக்கு டீச்சருக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. பகலில் வெளிச்சம் வெளியே, அதனால் ஃபிலிம் முகம் காட்டியது. இருட்டின பிறகு உள்ளே விளக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ். தினம் ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் குளித்தது அவர்தான். போர்வை இல்லாதது முதல் நாள் மட்டும்தான். வெட்கத்தில் காது இரண்டும் சூடேறின.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

கையில் மடித்த நீலப் போர்வையோடு லாரிக்காரர் வந்துகொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. தரையைப் பார்த்தபடியே கயிற்றில் போர்வையை விரித்துப் போட்டார். ஒவ்வொரு மூலையாக முடிச்சுப் போட்டார்.

"அண்ணே..." என்றார் டீச்சர்.

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா. இடம் மாத்தினதுல இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."