கோல்டிங்ஸ்தான் வேணும்

"எது விலை ஜாஸ்தியோ அதைக் குடும்மா."

ட்ரெவர் வந்து நின்றதுமே லோர்னாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை அவளுடையது. அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதே கிடையாது. எது மலிவு என்றுதான் கேட்பார்கள்.

"மறுபடியும் கோல்டிங்ஸா?"

"கோல்டிங்ஸ்தான்."

"போன தடவை காய்ச்சினது என்ன ஆச்சு?"

"வினிகராப் போச்சு."

"அதுக்கு முந்தினது?"

"பொங்கி வழிஞ்சு பாதி தரையில. மீதி ஒரே தீஞ்ச வாடை." ட்ரெவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய மனுஷன், பெயிலான பையன் மாதிரி நின்றார். "முதல் தடவை சூடு ஆறுறதுக்குள்ள ஈஸ்ட்டைப் போட்டுட்டேன். அது செத்தே போச்சு."

மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நைஜல் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வட்டாரத்தில் பீர் காய்ச்சுவதில் கில்லாடி என்று பெயர் வாங்கியவர்.

"ஏன் ட்ரெவர், சைக்கிளே ஓட்டத் தெரியாது, எடுத்ததும் ரேஸ் கார் கேக்குதா உமக்கு? கத்துக்கிற வரைக்கும் மலிவான பூவை வாங்கிக் கெடுத்துக்கும்யா. கோல்டிங்ஸைக் கெடுக்கிறது பாவம்!"

நியாயமான பேச்சுதான். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் பூ. அதில் கோல்டிங்ஸ் ராஜா. அதை அள்ளிக்கொண்டு போய் சாக்கடையில் கொட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

லோர்னாவின் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன குளிர்காலத்தில் மனைவி பெரில் இறந்துபோனதிலிருந்து, ட்ரெவர் வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் ஹீட்டர் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பப்பில் சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டாராம். இந்த லட்சணத்தில் வீம்பு வேறு!

மூலையில் இருந்த சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி நீட்டினாள்.

"இதைப் பாருங்க. ஃபகிள். போன வருஷத்து அறுவடை. பாதி விலைகூட இல்ல. கசப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒரு பிடி கூடப் போட்டா சரியாப் போயிரும். நம்ம ஊரு ஏல் பீருக்கு இது தாராளமாப் போதும்."

"வேண்டாம்மா."

"சொன்னா கேளுங்களேன்!"

"அடுத்த மாசம் பெரிலோட பிறந்தநாள். இன்னிக்குக் காய்ச்சினாத்தான் அதுக்குள்ள பதத்துக்கு வரும். இதுவும் கெட்டுதுன்னா அவ்வளவுதான்." அவர் கோல்டிங்ஸ் இருந்த மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு அவ நாற்காலிக்கு முன்னாடி, மேசையில ஒரு கிளாஸ் வெக்கணும். அவ்வளவுதாம்மா எனக்கு."

நைஜலின் சிரிப்பு நின்றுவிட்டது. வாங்கினதுக்குக் காசைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனார்.

லோர்னாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்த விஷயம்.

"பெரில் காய்ச்சின ருசி வரணும்னுதானே இந்தப் பாடு படுறீங்க? கோல்டிங்ஸ்ல அது ஜென்மத்துக்கும் வராது."

"ஏன்?"

"அவங்க கோல்டிங்ஸ் போட்டாத்தானே! உங்களுக்கு வேலை போச்சு இல்ல, அந்த வருஷத்துல இருந்து அவங்க வாங்கினது இந்த ஃபகிளைத்தான். என்கிட்ட கோல்டிங்ஸ் காலி பாக்கெட் ஒண்ணு கேட்டு வாங்கி, அதுல இதைப் போட்டு எடுத்துட்டுப் போவாங்க. 'மனுஷன் ஏற்கனவே மனசு உடைஞ்சு கிடக்காரு, பீராவது பழையபடி இருக்குன்னு நெனச்சுக்கட்டும்'னு சொல்லுவாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிக்கிட்டாங்க."

லோர்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கை இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே!

ட்ரெவரோ மெல்லச் சிரித்தார்.

"எனக்கு வேலை போனது எந்த இடத்துலம்மா? ஹாப்ஸ் காயவெக்கிற சூளையிலதானே? அத்தனை வருஷம் அந்த வாசனையிலயே கிடந்தவன் நான். முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு."

"ஐயோ! அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னை ஏமாத்திட்டோம்னு அவளுக்கு அத்தனை சந்தோஷம். 'எப்படி இருக்கு?'ன்னு ஆசையா கேப்பா. 'கோல்டிங்ஸ்னா கோல்டிங்ஸ்தான்'னு சொல்லுவேன். அதைக் கெடுப்பேனா நான்?"

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்துமா இதையே கேக்குறீங்க? அவங்க ருசி வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும்தான். ராத்திரி பகலா ஏங்குறேன். ஆனா…" ட்ரெவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காய்ச்சி முடிச்சதும் அந்தக் காலி கோல்டிங்ஸ் பாக்கெட்டை எடுத்து மூக்குல வெச்சுக்குவாம்மா. நான் பார்க்கலைன்னு நெனச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு மோந்துக்கிட்டே நிப்பா."

லோர்னா மேல்தட்டுக் கோல்டிங்ஸுக்குக் கை நீட்டினாள்.

"முதல்ல கத்துக்க, அப்புறம் நல்ல பூவை வாங்குன்னு எல்லாரும் சொல்றீங்க. என் கைக்கு எந்தத் தடவை சரியா வரும்னு யாருக்குத் தெரியும்? வாய்ச்சா ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும். அந்த ஒரு தடவை, அவ கிளாஸ்ல நிஜக் கோல்டிங்ஸ் இருக்கணும்மா!"