ஆம்ப்ளி உறுமுகிறது

"இதோ, இதோ... உம்ம்ம்னு உறுமுது பாரு! நாலாவது தடவை தூக்கிட்டு வந்து குடுத்தேன். இன்னும் போகலியே!"

கிடார்காரர், தாழ்வான மேசைமேல் இருந்த அந்தச் சின்ன வால்வு ஆம்ப்ளியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிடார் இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், ஆம்ப்ளியின் முதுகைப் பார்த்தபடி நின்றாள் அவருடைய தங்கை. சர்வீஸ் கடை அவளுடையது. போட்டிருந்த ஏப்ரனின் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணே."

"உனக்கு எங்கே கேக்கும்? நாள் பூரா மிக்சியும் மோட்டாரும் ஓடவிட்டு உன் காது மரத்துப் போச்சு!"

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அந்த ஆம்ப்ளி தகர டப்பா மாதிரிதான் கத்தும். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு மொத்தமே இரண்டு உள்ள சின்னப் பெட்டி. 'என்கிட்ட விடு, அதுக்கு நல்ல குரல் வரவைக்கிறேன்' என்று வீம்பாக வாங்கி வைத்துக்கொண்டது தங்கைதான். பழைய கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதுசு வைத்தாள். ஸ்பீக்கரை மாற்றினாள். கரகரப்பு போய், தொனி கனிந்து வந்தது. வந்த பிறகுதான் வம்பும் வந்தது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் ஏதோ உறுமுகிறது என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து இருவரும் எலியும் பூனையும்தான். முதல் தடவை உள்ளே போகும் ஒயர்களை முறுக்கிக் கட்டினாள். அடுத்த தடவை எர்த்தை இடம் மாற்றினாள். மூன்றாம் தடவை டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றித் திருப்பி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது ஒரே பதில்: "அப்படியே இருக்கு."

இப்போதும் அதையேதான் சொன்னார். "தொனி பிரமாதம். நான் இல்லேங்கல. ஆனா நாளைக்கு ரெக்கார்டிங். முப்பது வருஷம் அடுத்தவன் பாட்டுக்கு வாசிச்சாச்சு. நாளைக்குத்தான் என் சொந்த மெட்டு. நடுவுல ரெண்டு நொடி நிசப்தம் வருது. அங்கே இது உறுமினா என் மானம் கப்பலேறிடும்!"

"ரெக்கார்டிங் பண்றவர் கேட்டாரா?"

"கேட்டான், கேட்டான். ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'சுத்தமா இருக்கு சார்'ங்கிறான். டமாரச் செவிடு!"

"டிரம்ஸ்காரர்?"

"முப்பது வருஷமா என் காதுக்குப் பக்கத்துலயே போட்டுச் சாத்தினவன். அவனுக்குக் காதுன்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தான் அதிசயம்."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"வீட்டு ஃப்ரிட்ஜும் இதே மாதிரி விடிய விடிய உறுமுது. அதுவே அவளுக்குக் கேக்கல, இதுவா கேக்கப் போகுது? இந்த ஊர்ல காது உள்ள ஒரே ஆள் நான்தான்னு ஆகிப்போச்சு!"

வழக்கமாக இந்த இடத்தில் தங்கை ஸ்க்ரூ டிரைவரை மேசையில் எறிந்திருப்பாள். போன தடவை எறிந்தாள். இன்று பைகளிலிருந்து கையையே எடுக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருப்பிக் கத்தாத தங்கையிடம் கத்தி அவருக்குப் பழக்கமில்லை.

"வால்யூமைக் கூட்டிப் பாரு அண்ணே."

திருகினார். "அதே சத்தம்."

"குறைச்சுப் பாரு."

"அதே! கூட்டினாலும் அடங்கல, குறைச்சாலும் அடங்கல. என்ன திமிர் பாரு அதுக்கு!"

"கடைசியா ஒரு தடவை. கண்ணை மூடிக்கிட்டு நிதானமாக் கேளு. எனக்காக."

அவர் கண்ணை மூடினார். உண்மையில், சத்தம் போயிருக்கக் கூடாதா என்றுதான் அவர் மனசும் ஏங்கியது. முப்பது வருடம் காத்திருந்த நாள் நாளைக்கு. தங்கை பட்ட பாடும் அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும், கேட்பதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"இருக்கு!" என்று தரையைத் தட்டினார். "சத்தியமா இருக்கு. ஊரே திரண்டு வந்து இல்லேன்னாலும் நான் மாத்திச் சொல்ல மாட்டேன். என் காது பொய் சொல்லாது. உன்னால முடியலேன்னா சொல்லிடு. பெரிய கடைக்குத் தூக்கிட்டுப் போய், நீ வெச்சதையெல்லாம் பிடுங்கிப் போடச் சொல்றேன்!"

"கண்ணைத் திற அண்ணே."

அவள் குரல் தழுதழுத்தது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

அவள் ஏப்ரன் பைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அவர் முன்னால் விரித்தாள். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண்ணாடி வால்வு இருந்தது.

"நீ வர்றதுக்கு முன்னாலயே கழட்டிட்டேன். இந்த ரெண்டும் இல்லேன்னா அது வெறும் பெட்டி, விளக்கு மட்டும் எரியும். அதுலேர்ந்து எந்தச் சத்தமும் வராது அண்ணே."

அவர் நம்பவில்லை. ஆம்ப்ளியை வெடுக்கென்று திருப்பினார். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள் இரண்டு. மறுபடி திருப்பி, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தார்.

தங்கை குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

உறுமல் நிற்கவில்லை.