கதவில் ஒட்டியிருந்த தாள்

டீச்சர் தரையில் குந்தி, நான்கு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள்.

கடைசிப் பாடவேளை. ஏழாம் வகுப்பு. எழுத்து உள்ள தாள் ஏதாவது வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. சோப்புத்தூள் உறை வந்திருந்தது.

குழுவுக்கு ஒரு தாள். புரியாத சொல்லுக்குச் சிவப்புக் கோடு. முக்கியமானதற்குப் பச்சை வட்டம். கூடிப் பேசி, கடைசியில் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும்.

ஆறு மாதமாக இப்படித்தான் நடத்துகிறாள். பிள்ளைகள் இப்போதுதான் ஒப்பிப்பதை விட்டு, அர்த்தம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

எஸ்தரின் குழுவில் தாள் முழுக்கச் சிவப்பு. மூலைகளில் காய்ந்த பசை.

"எங்கேருந்து எடுத்தே?"

"வீட்டுக் கதவுல ஒட்டியிருந்துச்சு மிஸ். ஓட்டு லிஸ்ட்டுன்னு அப்பா சொன்னாரு."

அவள் முதல் வரியைப் படித்தாள். வேறு தாளைக் கொடுத்திருக்கலாம். அதற்குள் தவசீலன் ஒரு கோட்டின்மேல் விரல் வைத்துவிட்டான்.

"ஆக்கிரமிப்புன்னா மிஸ்?"

"அடுத்தவங்க இடத்துல இருக்கறது."

எழுதிக்கொண்டார்கள்.

"அப்புறப்படுத்துதல்?"

"எடுத்துடறது."

"எதை?"

முந்தின வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

படித்தார்கள். கால்வாய்க் கரை, கதவு எண் ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை.

பச்சை வட்டம் போட்டார்கள்.

"முன்னறிவிப்பின்றி?"

"முன்கூட்டியே சொல்லாம."

நிலோஃபர் யோசித்தாள். "இதுலதான் சொல்லிட்டாங்களே மிஸ்."

தேதியைக் கண்டுபிடித்தது எஸ்தர்தான். மூன்றாம் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் காலி செய்ய வேண்டும். விரல் விட்டு எண்ணினாள். நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

பதினெட்டு. இன்றைக்கு.

மற்றக் குழுக்களிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எஸ்தரோடு சேர்த்துக் கால்வாய்க் கரைப் பிள்ளைகள் ஒன்பது பேர். தங்கள் கதவு எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார்கள். எல்லாமே அறுபத்து நான்குக்குள் அடங்கின.

"எங்க கதவுலயும் இருந்துச்சு மிஸ்," என்றான் ஒருவன். "தம்பி கப்பல் செஞ்சிட்டான்."

எஸ்தர் தன் வரியை எழுதி நீட்டினாள்.

நாளைக்கு எங்கள் வீட்டை இடிப்பார்கள்.

"சரியா மிஸ்?"

ஒரு பிழையும் இல்லை.

டீச்சர் தாளின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். வகுப்பு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை ஒருவர் எடுத்தார். மனு கொடுக்கிற தேதி போன வாரமே முடிந்துவிட்டது என்றார். அவள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது வைத்துவிட்டார்.

தலைமையாசிரியர் தன் அறையில் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாம என்னம்மா பண்ண முடியும்?"

மணி அடித்தது.

எஸ்தர் தாளைத் திரும்ப வாங்கி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க மிஸ். நீங்க வந்து சொல்றீங்களா?"

ஒன்பது பேரோடும் நடந்தாள். பாலம் தாண்டினார்கள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினாள்.

எஸ்தரின் அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்து கையைக் கழுவினாள். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். மகள் முகத்தையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லாப் படிக்கிறாளா டீச்சர்?"

டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் எஸ்தர் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் படிக்கிறா," என்றாள்.